இரண்டாவது சீட்டு

ஆர்லிஸ் ஹின்ரிக்ஸைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. எங்கள் பண்ணைகள் சேர்ந்த டவுன்ஷிப்பில் வேறு யாருக்கும் அது இல்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். அவள் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவில் ஒரே வேலி. முப்பத்தெட்டு வருடமாக அந்த வேலியை ஒரு வசந்தம் நான் சரி பார்ப்பேன், அடுத்த வசந்தம் அவள் வீட்டில் பார்ப்பார்கள். அவள் கணவன் மெர்ல் இறந்துபோன பிறகும் அவள் முறை ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. என் முறை இரண்டு தடவை தவறியிருக்கிறது.

அவளுக்கு நூற்று அறுபது ஏக்கர். அதில் பாதி ஒரு காலத்தில் சேறு. அயோவாவின் வடபக்கத்தில் வயலுக்கு அடியில் வடிகால் ஓடுகள் பதிக்காவிட்டால் மக்காச்சோளம் நிற்காது, தவளைதான் நிற்கும். மெர்லும் அவளும் கல்யாணமான புதிதில் ஒன்பது கோடைகாலம் அந்த ஓடுகளைப் பதித்தார்கள். மெர்ல் இயந்திரத்தில் உட்கார்ந்து பள்ளம் பறிப்பான். பள்ளத்தில் இறங்கி ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீர் ஓடும் சாய்வு பார்த்து வைப்பது ஆர்லிஸ். பிள்ளைகள் இல்லை. "நிலம் காயறதுக்குள்ள வயிறு காஞ்சிடுச்சு" என்று ஒருமுறை என் மனைவி லவோனிடம் சொன்னாளாம்.

குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் ஆர்லிஸ் மாவட்டத் தலைநகரில் இருந்த ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனிக்குப் போய் வந்தாள். பதினாறு வருடம். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாலை வேளைகளில் முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் போட்டுக் கேள்வி கேட்கும் வேலை. எழுதியிருப்பதை எழுதியபடியே படிக்க வேண்டும். பதில் வந்தால் "சரி" என்றுகூடச் சொல்லக்கூடாது, அந்தச் "சரி"யில் ஒரு சாய்வு இருந்துவிடுமாம். திட்டினால் நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். ஓட்டின் சாய்வு பார்த்துப் பழகியவளுக்குச் சாயாமல் பேசுவது சுலபமாக வந்தது. கம்பெனியில் அவளுக்குத்தான் நல்ல பேர்.

ஒரு நாள் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே லவோனிடம் சொன்னாள்.

"ஒண்ணு கவனிச்சேன் லவோன். 'உங்களுக்கு யாரைப் பிடிச்சிருக்கு'ன்னு கேட்டா யோசிக்கிறாங்க, இருமறாங்க, நாய் குலைக்குது இருங்கன்னு எழுந்து போறாங்க. 'யார் ஜெயிப்பாங்க'ன்னு கேட்டா மட்டும் பட்டுனு சொல்லிடறாங்க."

"அதுல என்ன இருக்கு?" என்றேன் நான். "பேப்பர்லதான் போட்டிருக்கானே."

"பேப்பர்காரனுக்கு யார் சொன்னா? நான்தானே! நீங்க சொன்னதை நான் அவனுக்குச் சொல்றேன். அவன் அச்சடிச்சு உங்களுக்குச் சொல்றான். அதைப் படிச்சிட்டு நீங்க மறுபடியும் எனக்கே சொல்றீங்க. இந்தக் கூத்துக்கு எனக்குச் சம்பளம் வேற."

மூன்று பேரும் சிரித்தோம். அப்போது குழாய் வந்திருக்கவில்லை.

குழாய் என்றால் எத்தனால் ஆலைகளின் புகையை அமுக்கி அடைத்து, ஐந்து மாநிலம் தாண்டிக் கொண்டுபோய்ப் பூமிக்குள் இறக்கும் குழாய். எங்கள் டவுன்ஷிப்பில் என்னுடையதையும் சேர்த்து ஐந்து பண்ணைகள் வழியாக அது போவதாக வரைபடம் வந்தது. ஆர்லிஸின் பண்ணையில் குறுக்காக, வடிகால் ஓடுகளை வரிசை வரிசையாக அறுத்துக்கொண்டு போகிறது. ஓடு அறுந்தால் நிலம் பழையபடி சேறுதான். சரி செய்து தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. தெற்கே வேறொரு குழாய்க்காக அப்படிச் சரி செய்து கொடுத்த வயல்களை ஆர்லிஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஏழு வருடம் ஆகியும் அங்கே வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போடாதவர்கள் நிலத்தையும் அரசாங்க உத்தரவு வாங்கிக் கட்டாயமாக எடுக்கலாம் என்று சட்டம் இருந்தது.

அந்த வருடம் குடியரசுக் கட்சியில் ஜனாதிபதி வேட்பாளராக நிற்க எட்டுப் பேர் எங்கள் ஊர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓட்டுப் போடுவது நாங்கள்தான் என்பதால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு இந்த மரியாதை உண்டு. பன்றிக் கொட்டகைக்குள்கூட வந்து கை குலுக்குவார்கள். அந்த எட்டுப் பேரில் குழாய் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்தான். லைல் ப்ராட்டன், மொன்டானாவில் நீதிபதியாக இருந்தவர். வாஷிங்டன் தரும் வரிச்சலுகையால்தான் அந்தக் குழாய்க் கம்பெனி பிழைக்கிறது, நான் வந்தால் அதை நிறுத்துவேன், குழாய் தானாக நின்றுவிடும் என்றார். ஆர்லிஸ் அன்றைக்கே கம்பெனி வேலையை விட்டாள். வேட்பாளருக்கு வேலை செய்பவர்கள் கணிப்பில் உட்காரக்கூடாது என்பது விதி. அவள் சாப்பாட்டுக்கு அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ப்ராட்டன் எங்கள் லுத்தரன் கோயிலின் கீழ்க்கூடத்துக்கு வந்தார். தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். இருபத்து மூன்று பேர் இருந்தோம். அரை மணி நேரம் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் எங்கள் வாயிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது. கடைசியில் டுவேன் குரூஸ் எழுந்தான். தானியக் கிடங்கை நடத்துகிறவன், ஊரில் எல்லாருக்கும் முன்னால் பேசுகிறவன்.

"ஜட்ஜ் சார், நீங்க சொல்றது அத்தனையும் சரி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஜெயிப்பீங்களா?"

"நீங்க போட்டா ஜெயிப்பேன்."

"மத்தவங்க போட்டா நான் போடறேன்."

கூடம் குலுங்கச் சிரித்தோம். ப்ராட்டனும் சிரித்தார். ஆர்லிஸ் மட்டும் டுவேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் வீடு வீடாகக் கிளம்பினாள். எங்கள் பகுதியில் குடியரசுக் கட்சி வீடுகள் நாற்பத்து நான்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் கையில் ஒரு ஆப்பிள் கேக்கோடு போனாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: உங்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறது?

"யார் ஜெயிப்பாங்கன்னு கேக்க மாட்டேன்" என்றாள் என்னிடம். "பதினாறு வருஷம் கேட்டாச்சு. அந்தக் கேள்விதான் ஆளைக் கொல்லுது."

முப்பத்தோரு வீடுகள் ப்ராட்டன் என்றன. அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் லவோன் ப்ராட்டன் என்றாள், நான் "இதுல சந்தேகம் வேறயா" என்றேன்.

இங்கேதான் அவள் ஏமாந்தாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒருவர் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராது. பிடிக்காததைப் பார்த்தால் "அட, இது புதுசா இருக்கே" என்போம். முடியாது என்பதற்கு "பார்க்கலாம்" என்போம். இங்கேயே பிறந்த ஆர்லிஸுக்கு இந்த அகராதி அத்துப்படி. யாராவது "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டை நோட்டிலிருந்து அடித்திருப்பாள். ஆனால் புருஷனை இழந்த ஒருத்தி, வேலையை விட்டுவிட்டு, கையில் கேக்கோடு குளிரில் நிற்கிறாள். அவளிடம் "பார்க்கலாம்" என்று சொல்லக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் ஆமாம் என்றார்கள். போனில் முகம் தெரியாது, அதனால் உண்மை வரும் என்பதைப் பதினாறு வருடம் கண்ணால் கண்டவள், சமையலறை மேஜையில் கிடைத்த பதிலை நம்பிவிட்டாள். நம்ப வேண்டிய நிலைமை அவளுக்கு.

கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடி வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் காக்கஸுக்கு ஒன்பது நாள் முன்பு சனிக்கிழமை பேப்பரில் கணிப்பு வந்தது. செனட்டர் ஹாலோரனுக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. ப்ராட்டனுக்கு மூன்று. அதற்குக் கீழே இன்னொரு கட்டம்: நவம்பரில் இப்போதைய ஜனாதிபதியைத் தோற்கடிக்கக்கூடியவர் யார்? ஹாலோரன் அறுபத்தெட்டு, ப்ராட்டன் ஒன்று. ஹாலோரன் குழாய்க்கு ஆதரவானவர், அதை ஒளிக்கவும் இல்லை.

காபிக் கடையில் டுவேன் அந்தப் பேப்பரை ஆர்லிஸின் முன்னால் விரித்து வைத்தான்.

"பார்த்தியாம்மா? உங்காளு முக்கிப் பார்த்தும் மூணுதான்."

"இது மாநிலம் பூரா எழுநூறு பேர். நம்ம ஊரு என் நோட்டுல இருக்கு."

"நோட்டு இருக்கட்டும். அந்த ஜனாதிபதியை வெச்சுக்கிட்டு இன்னும் நாலு வருஷம் ஓட்டச் சொல்றியா? ஜெயிக்கிறவனுக்குப் போட்டாதானே அவரை இறக்க முடியும்?"

"நாலு வருஷத்துல ஜனாதிபதி போயிடுவாரு டுவேன். குழாய் போகாது."

டுவேன் பேப்பரை மடித்துக்கொண்டான். "அதுவும் சரிதான்" என்றான். எங்கள் ஊரில் அதற்கும் அர்த்தம் வேறு.

அடுத்த புதன்கிழமை குழாய்க் கம்பெனியின் ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். "ஹாலோரன்தான் சார் வரப்போறாரு, உங்களுக்கே தெரியும். எப்படியும் எடுக்கத்தான் போறோம். இப்பவே ஒத்துக்கிட்டவங்களுக்கு ஒரு விலை, அப்புறம்னா கோர்ட்டு சொல்ற விலை" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். நிலம் இரண்டு பேர் பேரிலும் இருப்பதால் காகிதத்தை லவோன் பக்கம் தள்ளினேன்.

"ஆர்லிஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?" என்றாள்.

"காக்கஸ் முடியட்டும். இப்பச் சொன்னா மனசு விட்டுடுவா."

லவோன் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு என் பேருக்குக் கீழே போட்டாள். ஐந்து பண்ணைகளில் நாங்கள்தான் முதலாவது என்று அந்த மனிதர் பாராட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் காக்கஸ். வெளியே உறைநிலைக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. அந்தக் குளிரிலும் ஐம்பத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு நான் தலைவர். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஊர்க்காரர் ஒருவர் பேசுவார். அப்புறம் வெற்றுச் சீட்டில் ஒரு பேரை எழுதிப் போட வேண்டும். எல்லார் கண்முன்னால் எண்ண வேண்டும்.

ஹாலோரனுக்காக டுவேன் பேசினான். "எனக்கு ஒண்ணும் ஹாலோரன் மேல ஆசை இல்லை. ஆனா ஜெயிப்பாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கை தட்டினார்கள்.

ஆர்லிஸ் எழுந்தாள். காகிதம் எதுவும் கையில் இல்லை. அவள் சொந்தக் குரலில் கூட்டத்தில் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"உங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்" என்றாள். "ஓட்டைப் பத்தி ஒண்ணுதான் சொல்றேன். பேப்பர்ல வந்தது நடந்த சமாச்சாரம் இல்லை. யாரும் இன்னும் ஓட்டே போடலை. முதல்ல எழுதப்போறது நாமதான். யார் ஜெயிப்பாங்கன்னு நாம பார்த்துப் போட வேண்டாம், நாம போட்டதை மத்தவங்க பார்க்கட்டும். ப்ராட்டன் ஜெயிக்காமலே போகட்டும். குழாய் போற டவுன்ஷிப்ல இத்தனை பேர் அவருக்குப் போட்டாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தா, குழாய்க்கு அனுமதி குடுக்கற போர்டுல ஒருத்தராவது நின்னு யோசிப்பாங்க. எனக்கு அது போதும். என் நிலம் போயிடும்ங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியலை."

ஒருவரும் கை தட்டவில்லை. அது மரியாதைக்குத்தான் என்று அப்போது நினைத்தேன்.

காலி ஐஸ்கிரீம் வாளி ஒன்று வரிசையில் போய்வந்தது. நான் என் சீட்டில் ஹாலோரன் என்று எழுதினேன். காரணம் கேட்டால், முப்பது பேர் ப்ராட்டனுக்குப் போடுவார்கள், என் ஒன்று இல்லாவிட்டால் என்ன என்று சொல்லலாம். அல்லது கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி எதற்கு என்று சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டுமே கேவலம்.

எண்ணினேன். ஹாலோரன் நாற்பத்தொன்பது. வேறு இருவருக்கு ஏழு. ப்ராட்டன் இரண்டு.

"ரெண்டா?" என்றாள் ஆர்லிஸ்.

"ரெண்டு."

"இன்னொரு தடவை எண்ணு கேலன்."

இன்னொரு தடவை எண்ணினேன். ஒரு சீட்டில் ஆர்லிஸின் நேர் எழுத்து. மற்றதில் பேரின் முதல் எழுத்துக்கு வால் சுழித்திருந்தது. மளிகைப் பட்டியலில் தினமும் நான் பார்க்கிற சுழிப்பு. லவோன். கூட்டத்தில் அவளைத் தேடினேன். காரைச் சூடு பண்ணி வைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக ஆர்லிஸிடம் போனார்கள். கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்து சொன்னார்கள்.

"ஒண்ணு உன்னோடது, இன்னொண்ணு என்னோடது ஆர்லிஸ்."

"என் வாக்கை நான் காப்பாத்திட்டேம்மா. மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது."

டுவேன்கூடப் போனான். "வாயால ஹாலோரனுக்குப் பேசினேன். கை உனக்குத்தான் எழுதிச்சு" என்றான். ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் அவள் அதே சாயாத குரலில் நன்றி சொன்னாள்.

கடைசியில் நானும் அவளும்தான் மிஞ்சினோம். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"கேலன், நீதானே எண்ணினே. எழுத்தைப் பார்த்திருப்பே. யாரோடது அது?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. என் பெண்டாட்டி பேர்.

"என்னோடதுதான்" என்றேன்.

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. "ஒன்பது பேர் சொன்னாங்க, ஒருத்தரையும் நம்பலை. நீ சொன்னா நம்பறேன்." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அப்போ லவோன்?"

"அவ ஹாலோரன்" என்றேன்.

ப்ராட்டன் அந்த வாரமே விலகிக்கொண்டார். மார்ச் மாதம் ஒரு நாள் லவோன் என்னிடம் கேட்டாள். "ஆர்லிஸுக்கு என்ன ஆச்சு? கோயில்ல என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கறா. கையெழுத்து விஷயம் தெரிஞ்சிடுச்சா?" எனக்கு எப்படித் தெரியும் என்றேன். நீயாவது அவளிடம் சொல்லித் தொலை என்றாள். சரி என்றேன், சொல்லவில்லை. என்னிடம் ஆர்லிஸ் முன்னைவிட அன்பாக இருந்தாள். வேலி அந்த வருடம் என் முறை. வந்து கூடவே நின்று கம்பி இழுத்துக் கொடுத்தாள்.

ஏப்ரலில் போர்டு அனுமதி கொடுத்தது. எங்கள் டவுன்ஷிப்பில் எதிர்ப்பு பெரிதாக இல்லை என்று அந்த உத்தரவில் ஒரு வரி இருந்தது. மே மாதம் ஒரு காலை ஆர்லிஸ் போன் செய்தாள்.

"வந்துட்டாங்க கேலன். கேட்டுல நான் மட்டும் நிக்கிறேன். தடுக்க முடியாதுன்னு தெரியும். ரெண்டு பேரா நின்னா, ஒரு பொம்பளை மட்டும்தான் நின்னான்னு இருக்காது. வரியா?"

லவோனும் வண்டியில் ஏறிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

கேட்டுக்கு வெளியே இரண்டு வண்டிகள். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட அளவைக்காரர்கள் நான்கு பேர், பொறுமையாக நின்றிருந்தார்கள். ஆர்லிஸ் கேட்டின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. பின்னால் லவோனைப் பார்த்ததும் மாறியது.

"நீ எதுக்கு வந்தே? ஹாலோரனுக்குப் போட்டுட்டு இங்க வேடிக்கை பார்க்க வந்தியா?"

"யாரு? நானா?" என்றாள் லவோன். "யார் சொன்னா?"

ஆர்லிஸ் என்னைப் பார்த்தாள். லவோனும் பார்த்தாள். அளவைக்காரர்களில் மூத்தவருக்கு என்ன தெரியும் பாவம். என்னை அடையாளம் கண்டுகொண்டு தொப்பியை எடுத்தார்.

"கேலன் ஜேடன் சார்தானே? உங்க பக்கம் கொடிக்குச்சி நட்டு முடிச்சாச்சு சார். ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க, எங்களுக்குப் பெரிய உதவி."

லவோன்தான் பேசினாள்.

"அந்தச் சீட்டு நான் போட்டது ஆர்லிஸ். இவர் சொல்ற கையெழுத்துலயும் நான் இருக்கேன்."

ஆர்லிஸ் அவளை வெகுநேரம் பார்த்தாள். என்னை அதற்குப் பிறகு அவள் பார்க்கவே இல்லை, இன்றுவரை. மூத்த அளவைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"பேப்பரைக் குடுங்க. நானும் போட்டுடறேன்."

"அது இனிமே வேண்டாங்கம்மா. உத்தரவு வந்தாச்சு" என்றார் அவர், ரொம்பத் தணிந்த குரலில்.

சங்கிலியை விட்டுவிட்டு அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள். லவோன் எங்கள் வண்டியைத் தாண்டி ரோட்டில் தனியாக நடக்க ஆரம்பித்தாள். அளவைக்காரர்கள் யாராவது ஏதாவது செய்யட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

கேட்டை நான்தான் திறந்துவிட்டேன்.